மேட்டுக்கு ஏறி இறங்குவது போல: மலையகப் பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு சமூக ஊடக வழிகாட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். கோயிலுக்கு மேலே, கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தைத் தாண்டிப் போனால் ஒரு பாறை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு எல்லாரும் வீடு திரும்பியபோது நான் பேராதனையில் இரண்டாம் வருடம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தப் பாறைக்கு ஏறுவேன். என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டுதான் ஏறுவது. இன்ன விரிவுரையின் பைல், இன்ன அசைன்மென்டின் திகதி, இன்னாரிடம் ஒரு கேள்வி. மழையும் அட்டையும் அங்கே ரொம்ப நேரம் உட்கார விடாது. வேண்டியதை இறக்கிக்கொண்டு கீழே வந்து, மிச்ச நேரம் முழுக்க இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து அதைப் படிப்பேன்.

அது நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. நேரலை வகுப்புகள் பாதியில் அறுந்துபோகும். இருட்டிய பிறகு மேட்டுக்குப் போகப் பெண் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். போனே இல்லாமல் தவித்தவர்களையும் தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தவணையில் நான் படித்த அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் படிக்கவில்லை. திரும்ப விடுதிக்குப் போனோம், இருபத்துநாலு மணி நேரமும் இணையம். அடுத்த தவணையில் இரண்டு பாடங்களில் புள்ளி சரிந்தது. நான் சோம்பேறியாகிவிடவில்லை. ஏறுவதற்கு மேடும் இறங்குவதற்கு வீடும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

‘போனைத் தூக்கி எறி’ என்ற புத்திமதி நமக்குச் சரிவராது. வகுப்பு மாறியது, பரீட்சை விண்ணப்பம், மகாபொல உதவிப்பணம் வந்தது, அம்மாவின் குரல், எல்லாமே அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஒரு காரியத்தைச் சொல்லித் தருகிறது. வளாகத்துக்குள்ளேயே அந்த மேட்டை எப்படித் திரும்பக் கட்டிக்கொள்வது? பேராதனையில் இருந்தாலும், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவில் இருந்தாலும், பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவவில் இருந்தாலும் இதைச் செய்யலாம்.

படி 1: ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். அண்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்றும், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்றும் ஒரு பகுதி இருக்கிறது. எந்தச் செயலியில் எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவு படுக்கும் முன் அந்த எண்களை ஒரு கொப்பியில் மூன்று நிரலாகப் பிரித்து எழுதுங்கள்: படிப்பு, வீடு, சும்மா. வட்ஸ்அப்பில் மூன்றும் கலந்திருக்கும், அதை உத்தேசமாகப் பிரித்தால் போதும்.

எண்ணை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. போனை எடுக்கும் ஒவ்வொரு தடவையும், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். என் கொப்பியில் அடிக்கடி வந்த சொல் ‘பந்தி’. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பந்தி புரியாமல் நிற்கும் இடத்தில் என் கை தானாகப் போனுக்குப் போயிருக்கிறது. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். என் விஷயத்தில் டிக்டொக் இழுத்ததை விட அந்தப் பந்தி தள்ளியதுதான் அதிகம். ஒரு சொல்லின் அர்த்தம் பார்க்கப் போனைத் திறப்போம். மேலே ஒரு அறிவித்தல் வந்து விழும். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வருவோம், அந்தச் சொல்லும் பார்த்திருக்கமாட்டோம்.

இதற்கு நான் கண்ட மருந்து சாதாரணமானது. தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வாசித்துக்கொண்டே போவது. பத்துப் பக்கம் முடிந்ததும் கோடு போட்டவற்றை மொத்தமாக அகராதியில் பார்ப்பது. பாதிச் சொற்கள் இடையிலேயே தானாகப் புரிந்துபோயிருக்கும். கடதாசி அகராதி ஒன்று மேசையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வாரம் முடிந்ததும் ‘சும்மா’ நிரலைக் கூட்டிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். உங்களை நீங்களே திட்டவும் வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கணக்கு.

படி 2: குரூப்களைத் துப்புரவாக்குங்கள்

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே பதினைந்து இருபது வட்ஸ்அப் குரூப்களில் சேர்த்துவிடுவார்கள். பெட்ச் குரூப், பீடத்துக் குரூப், பாடத்துக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, தமிழ்ச் சங்கத்துக்கு ஒன்று, அசைன்மென்டுக்கு நாலு பேர் சேர்ந்தால் அதற்கும் ஒன்று. விரிவுரை ரத்தானால் அந்தச் செய்தி இருநூறு பேர் உள்ள குரூப்பில் வரும். அதற்குக் கீழே முப்பது கும்பிடும் நாற்பது சிரிப்பும் வரும். மாலையில் பார்ப்பவனுக்கு அந்த ஒரு வரி எங்கோ புதைந்துபோயிருக்கும்.

உட்கார்ந்து, எல்லாக் குரூப்களையும் மூன்றாகப் பிரியுங்கள். திகதியும் நேரமும் வருகிற குரூப்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும். அவற்றை மேலே பின் செய்யுங்கள். உதவி கேட்கவும் கொடுக்கவும் பயன்படுகிற குரூப்களை எப்போதைக்கும் மியூட் செய்து, நீங்களாகப் போகும்போது மட்டும் பாருங்கள். மிச்சம் எல்லாவற்றையும் ஆர்க்கைவ் செய்யுங்கள். வெளியேறினால் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் இருந்தால் வெளியேறத் தேவையில்லை, ஆர்க்கைவ் செய்தது யாருக்கும் தெரியாது. படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். டேட்டாவும் மிச்சம், போனில் இடமும் மிச்சம்.

நம் பிள்ளைகளுக்கென்று தனியான சிக்கல் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெட்ச் குரூப்பில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை சிங்களத்தில், அதுவும் ஆங்கில எழுத்தில் வரும். சிங்களம் கேட்டால் விளங்குகிற பிள்ளைக்கும் அந்த எழுத்துக்கூட்டு விளங்குவது கஷ்டம். ‘ஹெட’ என்றால் நாளை, ‘அத’ என்றால் இன்று, ‘அனித்தா’ என்றால் நாளன்றைக்கு. ‘கல் தாலா’ என்று வந்தால் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இப்படி ஒரு முப்பது நாற்பது சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் முதல் தவணையே தெளிவாகிவிடும். நான் அதைச் செய்யவில்லை. ஒரு பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை ‘அத’ என்பதைக் கவனிக்காமல் தவறவிட்டேன். பிறகு கையில் கடிதத்தோடு அலுவலகப் படிகளில் மூன்று நாள் ஏறி இறங்கினேன். அந்த நாட்களில் தேங்கிய பாடம் தவணை முடியும் வரை என் பின்னாலேயே வந்தது.

விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். சிங்கள நண்பர் ஒருவரிடம் தனியாக, ‘மச்சான், இந்தச் செய்தியில் என்ன இருக்கு?’ என்று கேட்டால் பத்து விநாடியில் சொல்லிவிடுவார். என் அனுபவத்தில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. திகதி சம்பந்தப்பட்ட எதையும் குரூப்போடு விட்டுவிடவும் கூடாது. பீடத்து அறிவித்தல் பலகையிலோ பல்கலைக்கழகக் கற்றல் தளத்திலோ ஒரு தடவை சரிபார்த்து, சுவரில் மாட்டிய கலண்டரில் எழுதுங்கள். போன் கலண்டரை விடச் சுவர்க் கலண்டர் மேல். அதைப் பார்க்கப் போகும் வழியில் வேறு எதுவும் குறுக்கே வராது.

படி 3: ஒரு நாளைக்கு மூன்று ஏற்றம்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. பாறைக்கு ஏறியது போலவே, சமூக ஊடகத்துக்குள் போகும் நேரத்தை மூன்றாக வையுங்கள். காலையில் விரிவுரைக்குப் புறப்படும் முன் பத்து நிமிடம், அது அன்றைய மாற்றங்களைப் பார்க்க. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம். மாலையில் ஒரு மணி நேரம், அதில் பொழுதுபோக்கும் சேர்த்தி. ஒவ்வொரு தடவையும் திறப்பதற்கு முன் துண்டுக் கடதாசியில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். இந்தக் கடதாசி சின்ன விஷயமாகத் தெரியும். விட்டுவிடாதீர்கள். எதற்கு வந்தோம் என்று தெரியாதவனுக்கு எப்போது இறங்குவது என்றும் தெரியாது.

இடைப்பட்ட நேரத்தில் போன் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். போனை மேசையில் வைத்தவர்கள், பையில் வைத்தவர்கள், வேறு அறையில் விட்டவர்கள் என்று மூன்று கூட்டம். எல்லாருடைய போனும் சத்தமில்லாமல் இருந்தது. வேறு அறையில் விட்டவர்கள்தான் சிந்திக்க வேண்டிய வேலைகளை நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த சோதனைகளில் எல்லாம் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் செலவில்லாத காரியம், செய்து பாருங்கள். நான் நூலகத்துக்குப் போகும்போது போனை அறையிலேயே பூட்டிவிட்டுப் போவேன். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வரலாம் என்று பயமாக இருந்தால், கூடப் படிக்கும் நண்பரின் இலக்கத்தை வீட்டில் கொடுத்துவைக்கலாம். பழைய பட்டன் போன் ஒன்று கையில் இருந்தால் அதைக் கொண்டுபோகலாம்.

விரிவுரை மண்டபத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2013இல் கனடாவில் செய்த ஒரு சோதனையில், விரிவுரை நேரத்தில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்களின் புள்ளி குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். அவர்களுடைய திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் புள்ளி குறைந்தது என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது. பின்வரிசையில் நீங்கள் ரீல்ஸ் பார்த்தால் பக்கத்துப் பிள்ளைக்கும் பாடம் போகிறது. அந்தப் பிள்ளை எத்தனை பேருடைய உழைப்பில் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாளோ. முன்வரிசையில் உட்காருங்கள், உங்களுக்கு முன்னால் எந்தத் திரையும் இருக்காது.

முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். கை தேடும். பரவாயில்லை.

படி 4: இறக்கியதைப் படிப்பாக மாற்றுங்கள்

என் போனில் ஒரு காலத்தில் நானூறுக்கு மேற்பட்ட பைல்கள் கிடந்தன. சீனியர் அண்ணாமார் அனுப்பிய நோட்ஸ், பாஸ்ட் பேப்பர்கள், கரும்பலகையைப் படம் பிடித்தவை, டெலிகிராமில் கிடைத்த புத்தகங்கள், மாணவர்களே எடுக்கும் குப்பி வகுப்பின் பதிவுகள். இருப்பதைப் பார்க்கவே மனதுக்குத் தெம்பாக இருக்கும். திறந்து படித்தது பத்தில் ஒன்றுகூட இராது. சேர்த்து வைத்ததைப் படித்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. சமூக ஊடகம் படிப்புக்குச் செய்யும் கெடுதல்களில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். பாட்டுப் பார்த்து வீணாக்கிய நேரம் நமக்கே உறுத்தும். பைல் சேர்த்த நேரம் உறுத்தாது, உழைத்தது போலவே இருக்கும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். இறக்கிய எதுவும் அடுத்த நாள் இரவுக்குள் கொப்பிக்கு வர வேண்டும், வராவிட்டால் அழிக்க வேண்டும். கொப்பிக்கு வருவது என்றால் பார்த்து எழுதுவது என்று அர்த்தமில்லை. ஒரு தடவை வாசியுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். அதிலிருந்து ஐந்து கேள்விகளை நீங்களே எழுதுங்கள், மூன்று நாள் கழித்து பார்க்காமல் பதில் எழுதுங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனை இதற்கு ஆதாரம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த பரீட்சையில் முந்தினார்கள். வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் முந்தினார்கள். நம்முடைய பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

குப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழக்கத்தைப் போல நல்லது எனக்கு வேறு தெரியாது. குப்பி விளக்கின் வெளிச்சத்தில் கூடிப் படித்ததால் வந்த பெயர் என்பார்கள். இப்போது அது சூமுக்கு வந்து, பதிவாகவும் குரூப்பில் விழுகிறது. பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் நேரில் போகாமல் விடுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முடிந்தவரை நேரில் போங்கள். இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். பதிவை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அதுவரை கேட்டதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு பாடத்தை நீங்களே குப்பி எடுக்கத் துணிந்தால், அந்தப் பாடம் பிறகு உங்களை விட்டுப் போகாது.

கொப்பியில் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. போனும் தொலையலாம், பஸ்ஸில் களவு போகலாம். அசைன்மென்டின் ஒரே பிரதி வட்ஸ்அப்பில் இருக்கும் நிலையில் இருக்காதீர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

படி 5: வீட்டுக்குப் பேசும் நேரத்தில் கைவைக்காதீர்கள்

நேரத்தைக் குறைக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் குறைப்பது வீட்டு அழைப்பைத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, போகும் அம்மா விடிவதற்கு முன்பே எழும்புவார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, சமைத்து, சீக்கிரமே படுத்துவிடுவார். அவருக்குப் பேச முடிகிற நேரம் மாலை ஏழுக்கும் எட்டரைக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் நீங்கள் வேறொரு குரூப்பில் பேசிக்கொண்டிருந்தால், பத்து மணிக்கு உங்களுக்கு ஞாபகம் வரும்போது அங்கே விளக்கு அணைந்திருக்கும். மாலை ஏற்றத்தின் முதல் பதினைந்து நிமிடத்தை வீட்டுக்கு ஒதுக்குங்கள். பேசி முடித்த மனதோடு படிக்க உட்காருவது வேறு மாதிரி இருக்கும்.

இரவு தூக்கத்துக்கு ஒரே ஒரு ஏற்பாடு. போன் சார்ஜ் ஆவது கட்டிலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அறையில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் பேசி ஒரே மேசையில் வையுங்கள், தனியாகச் செய்வதை விட இது லேசு. எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டி வீடியோ பார்த்துவிட்டு எட்டு மணி விரிவுரையில் உட்காருவதும் போகாமல் விடுவதும் ஒன்றுதான். அதோடு, பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள்.

படி 6: டேட்டாவும் காசும்

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயைத் தொட்டது, 2024இல் 1,350 ஆனது. ரீலோட் போடும் ஒவ்வொரு தடவையும் இந்த எண் நினைவில் இருக்கட்டும். குற்ற உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை, திட்டம் போடுவதற்காகச் சொல்கிறேன். வீடியோக்களை வளாக வைபையில் இறக்கிக்கொள்ளுங்கள். விரிவுரைக்கு 360 பிக்சல் தாராளமாகப் போதும், சிலைடில் எழுத்துத் தெரிந்தால் சரி. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் ஒரு மாதத்துக்குத் தேவையானதை இறக்கிவிட்டு ரயில் ஏறுங்கள். ஊரில் மறுபடி அந்தப் பாறை இருக்கிறது.

படி 7: நல்லதை விட்டுவிடாதீர்கள்

2012இல் அமெரிக்காவில் 1,839 மாணவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு, பேஸ்புக்கில் அதிக நேரம் இருந்தவர்களின் ஜிபிஏ குறைவாக இருந்தது என்று காட்டியது. அதே ஆய்வில், இணைப்புகளையும் தகவல்களையும் பகிர்ந்தவர்களின் புள்ளி அப்படிச் சரியவில்லை, உயர்ந்தே இருந்தது. எது எதற்குக் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நேரத்தோடு, உள்ளே போய் என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அது நினைவூட்டுகிறது.

குடும்பத்திலேயே முதலில் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு வழி கேட்க வீட்டில் ஆள் இல்லை. எந்தச் சிறப்புப் பாடம் எடுப்பது, ஆய்வுக்கட்டுரை எழுதுவது எப்படி, பட்டத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்க ஒரு அக்காவோ அண்ணாவோ வேண்டும். அவர்களைப் பேஸ்புக்கிலும் லிங்ட்இன்னிலும் தேடிப் பிடிக்கலாம். எழுதும்போது யார், எந்த வருடம், என்ன வேண்டும் என்று மூன்று வரியில் கேளுங்கள். வெறும் ‘ஹாய்’ போட்டுவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது.

யூடியூப் ஆங்கிலம் படிக்கவும் சிங்களம் படிக்கவும் அருமையான இடம். ஆனால் அதன் முகப்புப் பக்கம் நம்மை வேறு எங்கோ கொண்டுபோகும். பார்த்தவற்றின் பதிவை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் வராமல் வெறுமையாகிவிடும். பிறகு நீங்கள் தேடியது மட்டும்தான் கிடைக்கும். துண்டுக் கடதாசியோடு மேடு ஏறுவது போலத்தான் இதுவும்.

படி 8: பயமுறுத்தும் விஷயங்கள்

பகிடிவதை இப்போது போனுக்குள்ளும் வந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு குரூப்பில் பதில் போடு, இந்தப் படத்தை வை, இந்தப் பாட்டைப் பாடி அனுப்பு என்று கேட்பார்கள். இது விளையாட்டு இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி கல்வி நிறுவனங்களில் பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். அப்படி வரும் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். மாணவர் ஆலோசகரிடமோ நம்பும் விரிவுரையாளரிடமோ காட்டுங்கள். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், தனியாக வைத்துப் புழுங்காதீர்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவை 101இல் அழைக்கலாம். மனம் தாங்காத நாட்களில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வதந்தியைப் பற்றி மலைநாட்டில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் கண்டி, திகன பக்கம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, பேஸ்புக்கில் பரவிய வெறுப்பும் பொய்யும் அதற்கு எண்ணெய் ஊற்றின. 2020இல் அந்த நிறுவனமே அதற்காக வருத்தம் தெரிவித்தது. பல இனத்துப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தூங்கும் இடம் பல்கலைக்கழகம். ஆத்திரமூட்டும் செய்தி ஒன்று கைக்கு வந்தால் அது உங்களோடு நிற்கட்டும்.

இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கிறது. கூடப் படிப்பவர்களின் படங்களில் மாடி வீடும் காரும் சுற்றுலாவும். பார்க்கும் பிள்ளை தன் லயக்காம்பராவை, அந்த வரிசை வீட்டு அறையை, படம் எடுக்க மாட்டாள். வீடியோ அழைப்பில் சுவர் தெரியாதபடி உட்காருவாள், அப்பா வந்தால் அழைப்பைத் துண்டிப்பாள். நானும் துண்டித்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியோடு போட்டியிட்டு அங்கிருந்து வந்த பிள்ளை எதற்கும் கூசத் தேவையில்லை. யாருடைய படங்களைப் பார்த்தபின் படிக்க மனமில்லாமல் போகிறது என்று கவனித்து, அவர்களை அன்ஃபாலோ செய்யாமல் மியூட் மட்டும் செய்யுங்கள். நட்பும் கெடாது.

படி 9: பரீட்சைக்கு முந்திய வாரங்கள்

ஸ்டடி லீவ் தொடங்கும் அன்று மூன்று ஏற்றத்தை ஒன்றாக்குங்கள். டிக்டொக், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் செயலிகளைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். கணக்கு அப்படியே இருக்கும், பரீட்சை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் இரவு ‘இது கட்டாயம் வரும்’ என்று குரூப்பில் ஒரு செய்தி வரும். ஒவ்வொரு தவணையும் வரும். அதைத் திறந்தவர்கள் படித்ததையும் குழப்பிக்கொள்வார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தக் குரூப் பக்கமே போகாதீர்கள். மண்டபமும் நேரமும் மாறினால் மட்டும் உங்களை அழைக்கும்படி ஒரு நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

இடையில் ஒரு நாள் எல்லாம் உடைந்து, நாலு மணி நேரம் போய்விடலாம். அடுத்த நாள் காலைத் துண்டுக் கடதாசியை வழமை போல எழுதுங்கள். போன நேரத்தை ஈடுகட்ட இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம்.

படி 10: நீங்கள் சீனியர் ஆனதும்

நான்காம் வருடத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பதினொரு ஜூனியர்களுக்கு ஒரு குரூப் தொடங்கினோம். நிர்வாகிகள் மட்டும்தான் அதில் எழுதலாம் என்று வைத்தோம். நாளெல்லாம் பல குரூப்களில் வந்ததை நாங்கள் இரண்டு பேர் மாறி மாறி வாசித்து, சரிபார்த்து, இரவு ஏழரைக்குத் தமிழில் ஒரே ஒரு செய்தி போடுவோம். அதில் நாலு வரிக்கு மேல் இருக்காது:

நாளை காலை 8 மணி விரிவுரை இல்லை, வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டிருக்கு.
பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 14, அலுவலகம் மூன்று மணிக்குப் பூட்டிவிடும்.
சனிக்கிழமை பத்து மணிக்குக் குப்பி, கொப்பியோடு வாங்க.
வீட்டுக்குப் பேசிட்டீங்களா?